பல பார்வைகளில் ஒரு பெருங்கதை: எங்கே பழுது, எப்படிச் சரிசெய்வது

எபிக் ஃபேன்டஸி, அதாவது கற்பனை உலகில் நடக்கும் பெருங்கதைத் தொடர் எழுதுகிற பலருக்கும் முதல் பாகத்தின் பாதியிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது. கதை நான்கு நாடுகளில் நடக்கிறது. ஆறு பேரின் கண் வழியாகச் சொல்கிறீர்கள். எழுதும்போது எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்த நண்பர், "நல்லா இருக்கு, ஆனா அந்த ராணி வர்ற அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் புரட்டிட்டுப் போயிட்டேன்" என்கிறார். இன்னொருவர், "யார் எப்போ எங்கே இருக்காங்கன்னே புரியல" என்கிறார். இரண்டு புகாரும் உண்மை. ஆனால் வாசகருக்கு வலிப்பது ஓரிடம், பழுது இருப்பது பெரும்பாலும் வேறிடம். வலிக்கிற அத்தியாயத்தையே திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் நேரம் போகும், புகார் மட்டும் போகாது.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகலாம். உங்கள் பிரதியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கீழே சொல்லும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. ஒருவரின் பார்வையில் கதை சொல்லும்போது நமக்குக் கிடைக்கும் பலம், அவருக்கு என்ன தெரியாது என்பதிலிருந்து வருகிறது. நான்கு பேரின் பார்வை வேண்டும் என்றால் நான்கு பேரும் வெவ்வேறு விஷயம் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். வாசகர் மட்டும் நான்கையும் சேர்த்துப் பார்த்து, "ஐயோ, அந்தக் கதவைத் திறந்துவிடாதே" என்று பதறுவார். அந்தப் பதற்றத்தை ஒற்றைப் பார்வைக் கதையில் கொண்டுவருவது மிகவும் கடினம். ஆறு பேரும் ஒரே அளவு தெரிந்தவர்களாக இருந்தால், ஆறு பேர் எதற்கு?

அறிகுறி: ஒருவரின் அத்தியாயம் வந்தாலே வாசகர் புரட்டுகிறார்

அந்தப் பாத்திரத்தின் அத்தியாயங்களை மட்டும் தனிக் கோப்பில் வரிசையாக ஒட்டுங்கள். நடுவில் வேறு எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் படியுங்கள்.

தனியாகப் படிக்கும்போது நன்றாக ஓடுகிறது என்றால் அந்தப் பாத்திரத்தின் மேல் குற்றமில்லை, அவரை வைத்த இடம்தான் தவறு. அவருடைய அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். அங்கே ஒருவன் கழுத்தில் கத்தி வைத்தபடி முடித்துவிட்டு, இங்கே ராணி தோட்டத்தில் உலாவுவதாகத் தொடங்கியிருப்பீர்கள். வாசகர் ராணியை வெறுக்கவில்லை, கத்தியைப் பற்றிய நினைப்பில் இருக்கிறார். அத்தியாயத்தை முன்னே பின்னே நகர்த்தினாலே பாதி சரியாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ராணியைக் கடைசியாகப் பார்த்து எத்தனை பக்கம் ஆயிற்று? நூறு பக்கத்துக்கு மேல் போய்விட்டால், அவர் திரும்பி வரும் முதல் பத்தியிலேயே எங்கே இருக்கிறார், யாரோடு, என்ன சிக்கலில் என்பது ஒரு செயலின் வழியாகத் தெரிந்துவிட வேண்டும்.

தனியாகப் படித்தாலும் சலிப்பாக இருக்கிறது என்றால் சிக்கல் ஆழமானது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் எதிரே மூன்று பதில் எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் அவருக்கு என்ன வேண்டியிருந்தது? நடுவில் என்ன முடிவெடுத்தார்? கடைசியில் எது இனி மாற்ற முடியாததாக ஆயிற்று? பதில்கள் "பார்த்தார்", "கேட்டார்", "போய்ச் சேர்ந்தார்" என்றே வந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. தலைநகரில் நடப்பது வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நீங்கள் அங்கே ஓர் ஆளை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் கேமரா. கேமராவுக்கு ஆசை கிடையாது, அது எதையும் தப்பாகப் புரிந்துகொள்வதும் இல்லை.

இதற்கு இரண்டு வழி. அவருக்கு ஒரு தேவையைக் கொடுத்து, அந்தத் தேவையால் அவர் கண் மறைக்கும்படி செய்யலாம். இல்லையென்றால் அவருடைய அத்தியாயங்களை மொத்தமாக எடுத்துவிட்டு, தலைநகரச் செய்தியைத் தாமதமாகவும் திரிந்தும் மற்றவர்களிடம் போய்ச் சேரவிடலாம். எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம். அரசர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். அரண்மனைக்குள் நின்று காட்டினால் ஒரே அத்தியாயத்தில் எல்லாருக்கும் தெரிந்து முடிந்துவிடுகிறது. அதை எடுத்துவிடுங்கள். எல்லையில் இருக்கும் தளபதிக்கு, அரசருக்கு உடம்பு சரியில்லை என்று ஓர் உப்பு வியாபாரி சொல்கிறான். அப்புறம் பழைய முத்திரையோடு ஒரு கடிதம் வருகிறது, எல்லாரும் நலம் என்று. அதற்கடுத்து வரும் வரி ஓலையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. தளபதியோடு சேர்ந்து வாசகரும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். பக்கமும் மிச்சம், சந்தேகமும் கிடைத்தது.

ஆனால் மூன்றாம் பாகத்தின் முடிவு அந்த ராணியின் கையில்தான் இருக்கிறது என்றால் வெட்டாதீர்கள். மூன்றாம் பாகத்தில் அவர் எதற்காக அதைச் செய்யப்போகிறாரோ அந்த ஆசையின் வேரை முதல் பாகத்துக்கே கொண்டுவாருங்கள்.

அறிகுறி: ஆறு பேர் இருக்கிறார்கள், குரல் ஒன்றுதான்

ஒவ்வொருவரின் அத்தியாயத்திலிருந்தும் உரையாடல் இல்லாத ஒரு பத்தியை எடுத்து, பெயர்களை அடித்துவிட்டு, கலைத்துப்போட்டு, கதையைப் படித்த ஒருவரிடம் கொடுங்கள். எது யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பலரும் உடனே செய்யும் வைத்தியம் பேச்சுவழக்கை மாற்றுவது. ஒருவருக்குக் கொச்சை, ஒருவருக்குச் செந்தமிழ், இன்னொருவருக்கு வாய் திறந்தால் பழமொழி. பத்துப் பக்கத்தில் திகட்டிவிடும். குரல் என்பது முதலில் கவனத்தைப் பொறுத்தது. அந்த ஆளின் கண் எதில் போய் நிற்கும், எது கண்ணிலேயே படாது?

ஒரு கோட்டை வாயில் திறக்கிறது. முதல் வரைவில் இப்படி வந்திருக்கும்:

"பிரம்மாண்டமான கோட்டை வாயில் மெல்லத் திறந்தது. மாலை வெயிலில் கோபுரங்கள் பொன்னிறமாக மின்னின. எங்கும் ஓர் இனம்புரியாத அமைதி நிலவியது."

இதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. இதே வாயிலில் கல்தச்சன் பூதன் நுழைகிறான்:

"இடது தூணின் அடிவரிசையில் கல் புதிது. சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை, விரலால் அழுத்தினால் பதியும். அவசரத்தில் அடைத்திருக்கிறார்கள். பூதன் கையை நீட்டப் போனான். காவலன் பார்ப்பது தெரிந்ததும் மடக்கிக்கொண்டான்."

மூன்று வருடம் எதிரி நாட்டில் பிணையாக இருந்துவிட்டுத் திரும்பும் இளவரசி வேண்மாளும் அதே நாள் நுழைகிறாள்:

"வாயிலில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர்கூட அப்பாவின் ஆள் இல்லை. வேண்மாள் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி ஆள் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஏதோ தெரியும்."

வர்ணனை இரண்டிலும் குறைவு. ஆனால் பூதனுக்குக் காவலர்கள் மாறியது தெரியாது, அவன் இதற்கு முன் அங்கே வந்ததே இல்லை. வேண்மாளுக்குத் தூண் பலவீனமானது தெரியாது, அவள் தூணைப் பார்க்கவே இல்லை. உள்ளே ஆட்சி மாறிவிட்டது, வெளிச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது என்ற இரண்டும் வாசகர் ஒருவருக்குத்தான் தெரியும். முற்றுகை வரும்போது அவர் அந்த இடது தூணை நினைத்துக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நஷ்டம். நம் வினைமுற்றே மரியாதையைச் சொல்லிவிடுகிறது. வேலைக்காரியின் அத்தியாயத்தில் "அரசர் எழுந்தார்". எதிரித் தளபதியின் அத்தியாயத்தில் "அரசன் எழுந்தான்". தம்பியின் அத்தியாயத்தில் "அண்ணன் எழுந்தான்". கதை முழுக்க எல்லா இடத்திலும் "அரசர் எழுந்தார்" என்று ஒரே மாதிரி எழுதினால், யார் கண்ணாக இருந்தாலும் உள்ளே இருப்பது கதாசிரியர்தான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். தம்பியின் அத்தியாயங்களில் இருபது தடவை "அண்ணன்" என்று வந்துவிட்டு, ஒரு நாள் காலையில் "அரசன் சபைக்கு வந்தான்" என்று தொடங்கிப் பாருங்கள். சண்டைக் காட்சி எதுவும் எழுத வேண்டாம், உறவு முறிந்தது தெரிந்துவிடும். இதற்காக ஒரு சிறு அட்டவணை போட்டு வைத்துக்கொள்வது நல்லது: யார் யாரை எந்தச் சொல்லால் நினைக்கிறார்கள், எந்த அத்தியாயத்திலிருந்து அது மாறுகிறது என்று.

அறிகுறி: ஒரே காட்சிக்குள் யார் மனதில் இருக்கிறோம் என்று தெரியவில்லை

இதைப் பாருங்கள்:

"அதியன் வாளை மேசைமேல் வைத்தான். இவளை நம்பலாமா என்று யோசித்தான். வேண்மாள் அவன் தயக்கத்தைக் கவனித்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். கடிதம் பற்றி இவனுக்கு இன்னும் தெரியாது என்பதில் அவளுக்கு நிம்மதி. அதியனுக்குத் தாகமாக இருந்தது."

ஐந்து வாக்கியத்தில் இரண்டு தாவல். இரண்டு பேர் மனதும் திறந்து கிடப்பதால் காட்சியில் ஒளிந்திருப்பது எதுவுமில்லை. இதை அதியனின் பார்வையில் நிறுத்தினால்:

"அதியன் வாளை மேசைமேல் வைத்தான், கைப்பிடி தன் பக்கம் இருக்கும்படி. வேண்மாளின் பார்வை வாளுக்குப் போய் அவன் முகத்துக்குத் திரும்பியது. வடக்கேயிருந்து தூதர் யாரும் வரவில்லை என்றான். அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. பாவம், வழிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்."

முந்தைய அத்தியாயத்தில் வேண்மாளோடு இருந்த வாசகருக்குக் கடிதம் பற்றித் தெரியும். தோள் தளர்ந்தது எதனால் என்றும் தெரியும். அதியன் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்கிறான். வேண்மாளின் நிம்மதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலேயே அது இங்கே வந்துவிட்டது, கூடவே அதியன் மேல் பரிதாபமும் வந்துவிட்டது.

தாவலைக் கண்டுபிடிக்க, நினைத்தான், உணர்ந்தாள், தெரியும், புரிந்தது, தோன்றியது போன்ற சொற்களைத் தேடி வண்ணம் பூசுங்கள், ஆளுக்கொரு வண்ணமாக. ஒரு காட்சியில் இரண்டு வண்ணம் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். இதில் தப்பிப்போகும் இன்னொரு வகை உண்டு: பார்வைக்குரியவரால் பார்க்கவே முடியாத விவரம். "அவளுடைய முகம் சிவந்தது" என்று அவளுடைய அத்தியாயத்திலேயே எழுதுவது. தன் முகம் சிவந்ததை அவள் எப்படிப் பார்த்தாள்? காது மடல் சுட்டிருக்கும், அதை எழுதலாம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாம் அறிந்த கதைசொல்லியைக் குற்றமாக நினைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வன், கதைசொல்லி வாசகர்களைத் தன்னோடு கூட வரும்படி அழைப்பதில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவனின் தோளுக்குப் பின்னால் நடந்துகொண்டே, வேண்டும்போது வேறொருவர் மனதையும், நடக்கப்போவதையும் அவர் சொல்லிவிடுவார். அது செல்லுபடியாகிறது, ஏனென்றால் கதைசொல்லியே அங்கே ஓர் ஆள். அவருக்குக் குரல் இருக்கிறது, நம்மோடு உறவு இருக்கிறது. அதைப் படித்து வளர்ந்த கை நமக்கு. தன்னையறியாமல் அந்தப் பாணிக்குப் போய்விடும். எந்தப் பாணி வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்யுங்கள். இருபது அத்தியாயம் ஆள் ஆளாகப் பிரித்து எழுதிவிட்டு இருபத்தொன்றாவதில் எல்லார் மனதிலும் நுழைந்தால் வாசகர் அதைத் தவறாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அறிகுறி: ட்விஸ்ட் வந்ததும் "ஏமாத்திட்டீங்க" என்கிறார்கள்

வேண்மாள்தான் அந்தக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதினாள் என்பது முப்பதாவது அத்தியாயத்தில் வெளியாகிறது. அதற்கு முன்பு ஐந்து அத்தியாயங்கள் அவள் தலைக்குள்தான் இருந்தோம். பசி, குளிர், பழைய பாட்டு எல்லாவற்றையும் நினைத்தாள். கடிதத்தை மட்டும் ஒருதரம்கூட நினைக்கவில்லை. வாசகர் கோபப்படுவது நியாயம்தான். மனதுக்குள் விட்டுவிட்டு ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

இதற்கு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று, கண்ணை மாற்றுவது. கடிதம் எழுதிய நாளையும் அதற்குப் பின் வருவதையும் தோழியின் பார்வையில் சொல்லுங்கள். அவளுக்கு வேண்மாளின் விரலில் மைக்கறை தெரியும், அடுப்பில் புதுச் சாம்பல் தெரியும், அவ்வளவுதான். வேண்மாளின் சொந்த அத்தியாயங்கள் ரகசியம் உடைந்த பிறகு தொடங்கட்டும்.

இன்னொன்று, ரகசியத்தை வாசகருக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது. அதிர்ச்சி போய்விடுமே என்று பயப்படாதீர்கள். அதிர்ச்சி ஒரு பக்கத்துக்கு மேல் நிற்காது. வேண்மாள் கடிதம் எழுதியதைப் பத்தாவது அத்தியாயத்திலேயே காட்டிவிட்டால், பதினொன்றிலிருந்து அதியன் வைக்கும் ஒவ்வொரு அடியும் வாசகரின் வயிற்றைக் கலக்கும். பல பார்வை இருப்பதாலேயே இது இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது. முக்கால்வாசி இடங்களில் இதுதான் சரியான தீர்வு என்பது என் கருத்து.

கடைசி வழி, பாத்திரமே அதை நினைக்க மறுப்பது. இது நடக்கக்கூடியதுதான், மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் மறுப்பது பக்கத்தில் தெரிய வேண்டும். மைக்கூட்டைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்புகிறாள், வடக்கு என்ற பேச்சு வந்ததும் எழுந்து விளக்கைத் தூண்டுகிறாள். இதைச் சோதிக்க, உண்மை தெரிந்த பிறகு அவள் அத்தியாயங்களை முதலிலிருந்து படியுங்கள். அவள் மனதில் ஓடுவதாக எழுதிய ஒரே ஒரு வாக்கியம் பொய்யாகிவிட்டாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டதை வாசகர் மன்னிப்பார், பொய் சொன்னதை மன்னிக்க மாட்டார்.

அறிகுறி: யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று குழம்புகிறது

எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். இடமிருந்து வலமாகப் பார்வைப் பாத்திரங்கள், மேலிருந்து கீழாக நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம்: எங்கே இருக்கிறார், அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும். முதல் விஷயத்தை நிறையப் பேர் எழுதுகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

செய்திக்கு வேகம் உண்டு. காலாட்படை மூட்டை முடிச்சோடு ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் நகரும். வழியில் குதிரை மாற்றிக்கொண்டே ஓடும் தூதர் ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கும் மேல் போகலாம். தலைநகரிலிருந்து எல்லை 600 கிலோமீட்டர் என்றால், அரசர் இறந்த செய்தி நான்கு நாளில் எல்லைக்குப் போய்விடும்; அங்கிருந்து படை திரும்பிவர முப்பது நாள் ஆகும். நடுவில் இருக்கும் நாட்களில் யார் எதை நம்பிக்கொண்டு முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கதை. மந்திரப் பறவையோ கனவுத் தூதோ வைத்து எல்லாருக்கும் உடனே தெரியவைத்தால் இந்த முப்பது நாளும் போய்விடும். மந்திரம் வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் அதற்கும் ஒரு தாமதம் அல்லது ஒரு பிழை இருக்கட்டும்.

காலம் பின்னால் போவது அடுத்த காரணம். 8-ஆம் அத்தியாயம் அறுவடை முடிந்த பிறகு, 9-ஆம் அத்தியாயம் அறுவடைக்கு முன். இதை ஒருதரம் செய்யலாம், வாசகர் தாங்குவார். பாகம் முழுக்கச் செய்தால் கதை நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற பதினான்கு பாகத் தொடரில் 2003-இல் வந்த பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி, ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நடந்த மாபெரும் நிகழ்ச்சியின்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அந்த நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரியும். பாத்திரங்கள் தூரத்தில் நின்று, அது என்ன என்று வியந்துகொண்டிருக்கிறார்கள். தொடரில் கதை நகரவே இல்லை என்று வாசகர்கள் அதிகம் குறைபட்ட பாகம் அதுதான்.

ஆனால் பிரித்துச் சொல்வதே தவறு என்று நினைத்துவிடக் கூடாது. டோல்கீன் 1954-55-இல் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருங்கதையின் இரண்டாம் பாகத்தில் முதல் பாதி முழுக்க நாயகன் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் வருவதே இல்லை. பிற்பாதி முழுக்க அவர்கள் வழிதான். அந்தப் பாதி, ஃப்ரோடோ எதிரியிடம் சிக்கிக்கொள்வதோடு முடிகிறது. அடுத்த பாகம் மற்றவர்களிடம் போகிறது. எதிரி நாட்டின் கருப்பு வாயிலுக்கு முன்னால் எதிரியின் தூதன் ஃப்ரோடோவின் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, ஃப்ரோடோ மீட்கப்பட்ட செய்தி வாசகரிடமும் இல்லை. அங்கே நிற்பவர்களின் நெஞ்சு எப்படி விழுகிறதோ அப்படியே வாசகருக்கும் விழுகிறது. அத்தியாயங்களைக் கால வரிசைப்படி அடுக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. இவ்வளவு துணிச்சலாகப் பிரித்தவர்தான், பின்னிணைப்பில் நாள் வாரியாகக் காலவரிசையும் கொடுத்திருக்கிறார்.

உங்கள் பிரதியில் காலம் பின்னே போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: பின்னே போனதால் வாசகருக்கு ஏதாவது பயமோ நம்பிக்கையோ கூடியதா? கூடவில்லை என்றால் வரிசையை நேராக்குங்கள்.

அறிகுறி: ஒரே சம்பவத்தை இரண்டு தரம் படித்த மாதிரி இருக்கிறது

இரண்டாவது பார்வை முதல் பார்வையின் அர்த்தத்தை மாற்றாவிட்டால் வெட்டுங்கள். மாற்றுகிறது என்றால், மாறும் இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் தரம் கேட்ட உரையாடலை மறுபடி முழுசாக ஒப்பிக்க வேண்டாம். வாசகருக்கு ஞாபகம் இருக்கும், ஒரு வாக்கியம் போதும்.

அறிகுறி: அத்தியாய முடிவுகள் எரிச்சல் தருகின்றன

ஒவ்வொரு அத்தியாயமும் தொங்கலில் முடிந்தால் வாசகர் விரைவில் சுதாரித்துக்கொள்வார். வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தொங்கலை அரிதாக வைத்துக்கொண்டு, மற்ற அத்தியாயங்களை ஒரு முடிவோடு முடியுங்கள்: பாத்திரம் எதையோ தேர்ந்துவிட்டார், அதன் விளைவு இன்னும் வரவில்லை. அந்த விளைவு வேறொருவரின் அத்தியாயத்தில் வந்து விழட்டும். அதியன் பாலத்தை உடைக்கச் சொல்கிறான். அடுத்த அத்தியாயத்தில் பூதன் அந்தப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறான். இப்படிக் கோத்தால் பாத்திரம் மாறுவது வாசகருக்குத் தடையாக இருக்காது, அவரே அடுத்த ஆளிடம் ஓடுவார்.

அறிகுறி: பாகத்துக்குப் பாகம் கூட்டம் பெருகுகிறது

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் 1996-இல் வந்த முதல் பாகத்தில், முன்கதையை விட்டுவிட்டால் எட்டுப் பேரின் பார்வை. 2011-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் முன்கதை, பின்கதை சேர்த்துப் பதினெட்டு. நடுவில், எழுதியது ஒரே புத்தகத்தில் அடங்காமல் போகவே, பாத்திரங்களையும் இடங்களையும் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் முக்கியப் பாத்திரங்களான ஜான், டிரியன், டெனேரிஸ் மூவரின் அத்தியாயமும் கிடையாது. மூன்றாம் பாகம் வந்த 2000-இல் அவர்களை விட்ட வாசகர் 2011 வரை காத்திருந்தார். அவ்வளவு பெரிய கை உள்ளவருக்கே பாரம் அப்படி இருந்தது.

புதிய பார்வையைச் சேர்க்கும் ஆசை வரும்போது, யாரும் பார்க்காத ஓரிடத்தில் முக்கியமானது நடக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது போதாது. ஏற்கெனவே இருக்கும் ஒருவரை அங்கே அனுப்ப முடியுமா, அல்லது செய்தியாகவே வரட்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் முடியவில்லை என்றால் சேர்க்கலாம், ஆனால் முன்பின் தெரியாதவரைக் கொண்டுவராதீர்கள். அதே தொடரில் ஜேமி மூன்றாம் பாகத்தில்தான் பார்வைப் பாத்திரமாகிறான். முதல் பாகத்தில் ஒரு சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டவன் அவன். இரண்டு பாகமாக வாசகர் அவனை வெறுத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவன் மனதுக்குள் உட்கார வைக்கும்போது, வாசகர் தனக்குத் தெரியும் என்று நினைத்தது எவ்வளவு குறைவு என்று தெரியவருகிறது. தாமதமாக வரும் பார்வை அப்படி ஏதாவது ஒன்றைப் புரட்டிப்போட வேண்டும்.

ஒரே ஒரு அத்தியாயத்துக்காக ஒருவரின் பார்வை வேண்டும் என்றால், அதைப் பாகத்தின் தொடக்கத்திலோ இடைக்கதையாகவோ வைத்து, இவர் திரும்ப வர மாட்டார் என்று வடிவத்திலேயே தெரிவித்துவிடுங்கள். நடுவில் சாதாரண அத்தியாயம் போல வைத்தால் வாசகர் அவருக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

அறிகுறி: உச்சக்கட்டத்தில் எல்லாரும் ஒன்றுசேர்ந்ததும் கதை சோர்ந்துவிடுகிறது

இது விசித்திரமாகத் தோன்றும். இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தவர்கள் ஒரே களத்தில் நிற்கிறார்கள், கதை எகிற வேண்டிய இடம். ஆனால் எல்லாரும் ஒன்றையே பார்க்கிறார்கள், ஒன்றையே தெரிந்துகொள்கிறார்கள். வேற்றுமை போய்விட்டது, அதோடு பதற்றமும்.

போர் எழுதும் முன் மறுபடி அந்த எக்செல்லுக்குப் போங்கள். அன்று காலை ஒவ்வொருவருக்கும் தெரியாத ஒரு முக்கியமான விஷயத்தை எழுதுங்கள். பூதனுக்கு வாயிலைத் திறக்கப்போவது யார் என்று தெரியாது. அதியனுக்கு இடது தூண் பற்றித் தெரியாது. வேண்மாளுக்கு, தன் கடிதம் போய்ச் சேரவே இல்லை என்பது தெரியாது. இந்தத் தெரியாமைகள் உடையும் வரிசைதான் உங்கள் காட்சி வரிசை. ஒவ்வொன்றும் உடையும் நொடியில் யாருக்கு அது மிகப் பெரிய இழப்போ அவர் கண்ணில் இருங்கள். துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம்: முதலில் ஐந்து பக்கம், பிறகு இரண்டு, பிறகு ஒரு பத்தி. புதிய பார்வை ஒன்றையும் இங்கே திறக்காதீர்கள். ஒவ்வொரு துண்டின் முதல் வாக்கியத்திலும் பெயரோ அந்த ஆளுக்கே உரிய பொருளோ இருக்கட்டும். பூதனின் உளி வந்தால் பூதன் என்று தெரியும்.

போர் முடிந்ததும் பட்டியலில் சில தெரியாமைகள் உடையாமல் மிஞ்சியிருக்கும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கடைசி அத்தியாயத்தில் பேசித் தீர்த்துவிடாதீர்கள். கடிதம் போய்ச் சேரவில்லை என்பது வேண்மாளுக்கு இன்னும் தெரியாது; அதை வழியில் பறித்து வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயத்தை அவரும் வேண்மாளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் தொடங்குங்கள், வேண்மாளின் பார்வையில்.